நொடியக்காவின் நாற்பத்து நான்காவது வாட்ச்

நொடியக்காவிடம் நாற்பத்து மூன்று கைக்கடிகாரங்கள் இருந்தன. நாற்பத்து மூன்றும் சாவி கொடுத்தால் ஓடும், கொடுக்காவிட்டால் நிற்கும் ரகம். பேட்டரி போட்டது ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அந்தத் தகவல் அவர் காதில் விழுந்துவிடும்.

கடிகாரங்கள் குடியிருந்தது ஒரு நீளமான துணிச்சுருளில். கணவர் சீருடை தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். வெட்டி மிஞ்சிய கருநீலத் துணியில் ஒரு வாட்சுக்கு ஒரு பை என்று வரிசையாகத் தைத்து, ஒவ்வொரு பையின் மேலும் வெள்ளை நூலில் எண் போட்டுக் கொடுத்திருந்தார். விரித்தால் சாப்பாட்டு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரும். ஆனால் எண்ணைச் சொல்லி நொடியக்கா எதையும் எடுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. நாளுக்கு நாற்பது நொடி முந்தி ஓடுவது அவசரக்குடுக்கை. தங்க முலாம் பூசி, பார்க்க லட்சணமாக இருந்து, வாரத்தில் நாலு நாள் வேலை செய்யாதது மாப்பிள்ளை. நாளுக்கு ஐந்து நொடிகூடப் பிசகாதது வாத்தியார். முக்கியமான நாட்களில் கையில் ஏறுவது வாத்தியார்தான்.

முதல் பையில் இருந்தவன் தூங்குமூஞ்சி. அவனிடமிருந்துதான் இது எல்லாம் ஆரம்பித்தது. முப்பது வருடங்களுக்கு முன் நொடியக்கா, இப்போது வேலை பார்க்கும் இதே பஸ் டிப்போவில் பஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு வண்டியின் கடைசி இருக்கைக்கு அடியில் தோல் பட்டையோடு ஒரு வாட்ச் கிடந்தது. எடுத்து அலுவலகத்தில் கொடுத்தார். ஒரு வருடம் யாரும் தேடி வரவில்லை. கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடலாம் என்று விதி. ஓடாத வாட்ச்தானே என்று தாராளமாகவே கொடுத்தார்கள். அவர் அதை வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டார், பக்கத்துக் குமிழை விரலால் பத்துத் திருப்புத் திருப்பினார், நீட்டினார். ஓடியது. “என்ன கோளாறு?” என்று கேட்டதற்கு, “யாரும் சாவி கொடுக்கல, அதான் கோளாறு” என்றார். கூலியும் வாங்கவில்லை. நான் கொடுக்கும் பலத்தில் இது ஓடும் என்ற நினைப்பு நொடியக்காவை அன்றைக்குப் பிடித்தது, இன்றைக்கும் விடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் ஒருமுறை பளபளவென்று பேட்டரியில் ஓடும் ஒரு குவார்ட்ஸ் வாட்சைப் பரிசாகக் கொடுத்தபோது, நன்றி சொல்லி வாங்கி, அவர் படியிறங்குவதற்குள் கணவர் கையில் கட்டிவிட்டார்.

பஸ் கழுவியவர், இரண்டு தேர்வு எழுதி, பத்தொன்பது வருடங்களாக டிப்போவின் டைம் கீப்பர். வெளிவாசலை ஒட்டிக் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தடித்த ஒரு பதிவேடு. காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டேகால்வரை அவர் முறை. ஒவ்வொரு வண்டியும் வாசலைத் தாண்டும்போது அவர் நிமிர்ந்து பார்ப்பார், நேரத்தைப் பார்ப்பார், எழுதுவார். நேரம் தவறாமல் போனால் நீல மை. காரணம் எழுதிக் கொடுக்காமல் நான்கு நிமிடம் தாமதமானால் சிவப்பு மை. சிவப்பு மை டிரைவரின் கோப்புக்குப் போய்விடும், திரும்பி வராது. அரை நிமிடத்துக்காக அவரோடு மல்லுக்கட்டிய டிரைவர்கள்தான் அவருக்கு நொடியக்கா என்று பெயர் வைத்தார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பத்தொன்பது வருடப் பதிவேட்டில் ஓர் அடித்தல், ஒரு திருத்தல் கிடையாது. அதிகாரிகள் மாறி வரும்போதெல்லாம் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் காட்டி அதை அவரே சொல்லுவார்.

கூண்டில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. இரண்டு மாதமாக நின்றுபோயிருந்தது. மேனேஜர் புதியதற்கு எழுதிப் போட்டிருந்தார். நொடியக்கா அவசரப்படுத்தவில்லை. பணிநேரத்தில் செல்போன்கள் எல்லாம் மேனேஜர் அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆக, அந்த இரண்டு மாதமும் அவர் முறையில் தினமும் நூற்றுப்பத்து வண்டிகள் கிளம்பியது அவர் மணிக்கட்டைப் பார்த்து. அந்தச் சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டிப்போவின் டிரைவர்களில் ஒருவருக்குத் தொட்டில் என்று பெயர். அவர் வண்டியில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நின்றுகொண்டு டீ குடிக்கிறவன் சட்டையில் ஒரு துளி சிந்தாமல் பிரேக் போடுவார் என்பது அவரைப் பற்றிய பேச்சு. பயிற்சி டிரைவர் ஆகவேண்டும், மற்றவர்களுக்கும் அந்த பிரேக்கைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு நிபந்தனை ஒன்றே ஒன்று: பத்து வருடம் கோப்பில் ஒரு சிவப்புக்கூட இருக்கக் கூடாது. ஒன்று விழுந்தால் அன்றிலிருந்து மறுபடி பத்து. தொட்டிலுக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இன்னொரு பத்து வருடம் அவரிடம் இல்லை என்பது டிப்போ முழுக்கத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே விளையாட்டு மைதானத்துக்குக் கிளம்பியிருந்தது. கூட்டத்தைச் சமாளிக்க, முந்தின நாள்தான் கூண்டில் புதிதாக ஒரு மைக்கும், மேசை மேல் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முக்கியமான நாள் என்பதால் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் நொடியக்கா. வீட்டில் ஐந்தரை மணிக்கு ரேடியோவின் மணிச்சத்தத்துக்கு நொடி சுத்தமாக நேரம் வைத்தாயிற்று. எழுதும்போது வாட்சைக் கழற்றி, முகம் தன்னைப் பார்க்கும்படி எதிலாவது சாய்த்து வைப்பது அவர் வழக்கம். இத்தனை நாள் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்தார். அன்று ஸ்பீக்கர் வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அதன் முதுகு இவர் பக்கம். அளவெடுத்து முட்டுக் கொடுத்தமாதிரி அருமையாக இருந்தது. அதில் சாய்த்து வைத்தார்.

நண்பகலுக்குப் பிறகு வண்டிகள் மூன்று மூன்று நிமிடம் பிந்திக் கிளம்பின. மூன்றுவரை நீலம்தான், ஆனாலும் எல்லாருமே மைதானத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டு அசமந்தமாக இருக்கிறார்கள் என்று அவர் ஸ்பீக்கரிலேயே இரண்டு முறை கடிந்துகொண்டார். அவருடைய முறையின் கடைசி வண்டி இரண்டு பத்துக்கு. தொட்டில் வாசலைத் தாண்டியபோது வாத்தியார் காட்டியது இரண்டு பதினான்கு.

கை நீட்டி நிறுத்தினார். தொட்டில் இறங்கி வந்தார். ஜன்னல் வழியாகத் தன் இடது கையை உள்ளே நீட்டிக் காட்டினார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பட்டை, கீறல் விழுந்த கண்ணாடி, தெருமுனைக் கடையில் குவித்து வைத்து விற்கும் ஒரு குவார்ட்ஸ் வாட்ச்.

“அக்கா, இதுல பத்துதான் ஆவுது.”

“அது வாட்ச் இல்லப்பா. பேட்டரி போட்ட பொம்மை. மழை பெஞ்சாலே அதுக்கு ஜுரம் வரும்.”

“ஒன்பது வருஷமா இதைப் பாத்துத்தான் வண்டி எடுக்கறேன்.”

“அப்ப ஒன்பது வருஷமா அதிர்ஷ்டம். கையெழுத்துப் போடுங்க.”

தொட்டில் சண்டை போடுகிற ஆள் இல்லை. சிவப்பு வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, பார்த்து, மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வண்டி வழக்கம்போல ஒரு குலுக்கல் இல்லாமல் வாசலைக் கடந்தது. அன்று மாலைக்குள் அந்த வரியின் நகல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை நொடியக்காவுக்கு வாராந்திர விடுமுறை. காலை ஏழு மணிக்குத் துணிச்சுருளை விரித்து, ரேடியோவை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, எவன் முந்தினான் எவன் பிந்தினான் என்று குறித்துக்கொண்டு, சாவி கொடுத்து வைப்பார். மற்றவர்கள் வீட்டில் அந்த நேரத்தில் துணி துவைக்கிற மாதிரி. வாத்தியாரை எடுத்தவர் ரேடியோவைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், மறுபடி ரேடியோவைப் பார்த்தார். பன்னிரண்டரை நிமிடம் முந்தியிருந்தது.

வாட்ச் ரிப்பேர்க்காரர் கடை திறக்கும்போது படியில் நொடியக்கா நின்றுகொண்டிருந்தார். தூங்குமூஞ்சிக்கு முதல் சாவி கொடுத்த அதே ஆள். இப்போது அவரும் சாவி வாட்ச் சேர்க்கிறவர். இருவருக்கும் நல்ல வாட்ச் யார் கண்ணில் முதலில் படுகிறது என்பதில் ஓயாத போட்டி. அவர் வாத்தியாரைத் திறக்கவே இல்லை. இழுப்பறையிலிருந்து திசைகாட்டி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஊசி பேய் பிடித்தமாதிரி சுற்றி வாத்தியாரைப் பார்த்து நின்றது.

காந்தம் ஏறியிருக்கிறது என்றார். உள்ளே முடி கனத்தில் ஒரு சுருள்வில் இருக்கிறது. காந்தம் பட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வில் குட்டையாகிவிடும், வாட்ச் பறக்கும். இதெல்லாம் வியாதியே இல்லை, ஜலதோஷம் என்றும் சொன்னார். சோப்பு அளவில் ஒரு நீலப் பெட்டியின் மேல் வாத்தியாரை வைத்து, பொத்தானை அழுத்தி, மெல்லத் தூக்கினார். திசைகாட்டி ஊசி அசையவில்லை. பத்து நொடி வேலை.

“எதாவது ஸ்பீக்கர் கிட்ட வச்சீங்களா? அதுக்குள்ள பெரிய காந்தம் இருக்கும், பின்பக்கமா.”

நொடியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ரிப்பேர்க்காரர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். இருபத்தைந்து மணி நேரத்தில் பன்னிரண்டரை நிமிடம் என்றால் மணிக்கு அரை நிமிடம். ஆறு மணியிலிருந்து இரண்டு பத்துவரை நான்கு. நண்பகலுக்குப் பிறகு எல்லாரும் மூன்று நிமிடம் பிந்தியது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. யாருமே பிந்தவில்லை. தொட்டிலின் பொம்மை காட்டியதுதான் சரியான நேரம்.

கணவர் மத்தியானம் சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றார். மனைவி பத்தொன்பது வருடம் கட்டிக் காத்த பெயர் போய்விடுமே என்ற கவலை அவருக்கு.

“நீங்க இடுப்பளவைத் தப்பா வெட்டிட்டு, போடறவன் இளைச்சுக்கட்டும்னு விட்டுடுவீங்களா?”

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அந்த வீட்டில் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு மேனேஜர் முன்னால் நின்றார் நொடியக்கா. மேனேஜர் நல்லவர், ஆனால் தாள்களுக்குப் பயப்படுகிறவர். தலையைச் சொறிந்தார். சிவப்பு மேலே போய்விட்டது என்றார். இதுவரை போன சிவப்பு எதுவும் திரும்பியதில்லை என்றார். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் உண்மையான கவலையையும் சொன்னார்.

“மேடம், உங்க வாட்ச் தப்புன்னு நீங்களே சொன்னீங்கன்னா, சிவப்பு வாங்கின அத்தனை பேரும் நாளைக்கு உங்க ஜன்னல்ல வரிசையில நிப்பாங்க.”

“நிக்கட்டும் சார். எல்லாத்துக்கும் கணக்குக் காட்டறேன். இது ஒண்ணுக்குத்தான் என்கிட்ட கணக்கு இல்ல.”

ஸ்பீக்கர் வாட்சைக் கெடுத்தது என்று வாய்வார்த்தையாக எழுத முடியாது, நிரூபிக்கவேண்டும் என்றார் மேனேஜர். அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்திருக்கலாம். நொடியக்கா கைப்பையிலிருந்து குணமாகி வந்த வாத்தியாரை எடுத்தார். அன்றைக்குச் செய்ததை இன்றைக்கும் செய்கிறேன், அதே ஸ்பீக்கர், அதே நேரம், நீங்களே உங்கள் செல்போனை வைத்துப் பாருங்கள் என்றார்.

அன்றைய வண்டிகளைக் கிளப்ப ஒரு வாட்ச் வேண்டுமே. தொட்டிலைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தொட்டில் முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நொடியக்கா நிமிர்ந்து நின்றிருந்தார். தொட்டில் பட்டையைக் கழற்றி வாட்சை நீட்டினார். “மழை பெஞ்சா ஜுரம் வரும். பாத்து வச்சுக்கங்க” என்று மட்டும் சொன்னார்.

வாத்தியார் ஸ்பீக்கர் மேல் சாய்ந்தது. பொம்மை மேசையின் மறுகோடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்தது. ஆறு மணி வண்டியிலிருந்து செய்தி பரவிவிட்டது. நொடியக்கா தன்மேலேயே சிவப்பு மை போடப்போகிறார் என்றால் எந்த டிரைவருக்குத்தான் கால் நிற்கும்? வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூண்டை எட்டிப் பார்த்தார்கள். கொட்டகை மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு வந்தார்கள். எட்டு மணிக்கு மேனேஜர் செல்போனோடு வந்தபோது ஜன்னலில் பதினைந்து தலைகள்.

எட்டு மணிக்கு வாத்தியார் காட்டியது எட்டு மணி. ஒரு நொடிகூட முந்தவில்லை.

கூட்டத்தில் ஒருவன், வாத்தியார் பாஸ், அக்கா ஃபெயில் என்றான். இன்னொருவர், சிவப்புப் போட்டது போட்டதுதான், இதுக்கு எதுக்கு இவ்வளவு கூத்து என்றார். மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனதை நொடியக்கா பார்த்தார். தொட்டில் ஓரமாக நின்றிருந்தார். தன் வண்டியைப் பார்க்கத் திரும்பினார்.

நொடியக்காவின் கண் ஸ்பீக்கர்மேல் போனது. அதன் வலைமுகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாலையில் கூண்டைத் துடைத்த அம்மாள் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் சாய்த்தது முன்பக்கத்தில். ரிப்பேர்க்காரர் சொன்னது பின்பக்கம். காலையிலிருந்து ஸ்பீக்கர் வாசலை விட்டுவிட்டு டிப்போவின் உள்பக்கத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தும் அவர் கவனிக்கவில்லை. வாத்தியார்மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவே இல்லையே.

பெட்டியைத் திருப்பினார். வாத்தியாரை அதன் முதுகில் சாய்த்தார். சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்பீக்கரிலேயே சொன்னார்: எட்டு மணியிலிருந்து மறுபடி ஆரம்பம், நான்கு பத்துக்கு முடியும், வேலை இருக்கிறவர்கள் வேலையைப் பார்க்கலாம்.

பத்து மணிக்கு வாத்தியார் ஒரு நிமிடம் முந்தியிருந்தது. கேலி செய்தவன் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு இரண்டாவது முறை பார்த்தான். நண்பகலில் இரண்டு. நொடியக்கா அதற்கிடையே வந்த வண்டிகளையெல்லாம் ஜன்னலோரத்து வாட்சைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறை. வாத்தியாரின் நொடி முள் வழுக்கிக்கொண்டே போகும்; இதன் முள் ஒவ்வொரு நொடிக்கும் ஓர் அடி எடுத்து வைத்து, நின்று, அடுத்த அடி வைத்தது. ஒவ்வொரு முறையும் மேனேஜரின் செல்போனோடு ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போனது. யாரும் சாவி கொடுக்கவில்லை, யாரும் பெயர் வைக்கவில்லை, ஒன்பது வருடம் வெயிலிலும் வியர்வையிலும் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருந்து இப்படி ஓடுகிறதே என்று அவருக்கு வியப்பாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

இரண்டு பத்துக்குத் தொட்டில் கையில் வாட்ச் இல்லாமல் வாசலுக்கு வந்தார். நொடியக்கா நீல மையில் எழுதினார். வண்டி போயிற்று. இரண்டேகாலுக்கு அடுத்த முறைக்காரர் வந்து நாற்காலியைக் கேட்டார். நொடியக்கா எழுந்து நின்றுகொண்டார்; கூண்டைவிட்டு வெளியே போகவில்லை.

நான்கு மணிக்குக் கூண்டைச் சுற்றி முப்பது பேராவது இருப்பார்கள். முறை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியவர்கள், முறை ஆரம்பிக்கக் காத்திருப்பவர்கள், பழைய சிவப்புகளை மனதில் வைத்திருப்பவர்கள். தலைக்குமேல் தலை. நான்கு ஐந்துக்குத் தொட்டிலின் வண்டி திரும்பி வந்தது. அவர் கூட்டத்துக்குள் வரவில்லை. இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் செல்போனை மேசைமேல் வைத்தார். அதில் நான்கு பத்து. பொம்மையில் நான்கு பத்து. வாத்தியாரில் நான்கு பதினான்கு.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மெக்கானிக் ஒருவர் ஸ்பீக்கரைத் தூக்கி அதன் முதுகில் ஸ்பேனரை ஒட்டிக் காட்டினார், ஸ்பேனர் விழவில்லை.

மேனேஜர் பதிவேட்டைத் திறந்து, தாளில் எழுத ஆரம்பித்தார். ‘காந்தப் பாதிப்பு காரணமாக’ என்று அவர் எழுதியதை நொடியக்கா தலைகீழாகவே படித்துவிட்டார்.

“சார், காந்தம்மேல மட்டும் போடாதீங்க. சுவர்க்கடிகாரம் நின்னு ரெண்டு மாசம். நான் கேக்கல. என் வாட்ச் போதும்னு இருந்தேன். அதையும் எழுதுங்க.”

“வேண்டாமே மேடம். இது கோப்புல நிக்கும்.”

“அவருக்கு மட்டும் நிக்கலாமா?”

மேனேஜர் எழுதினார். நொடியக்கா அளவுகோலை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அந்தச் சிவப்பு வரியின்மேல் நேர்க்கோடு ஒன்று இழுத்தார். பக்கத்தில் நீல மையில் சரியான நேரத்தை எழுதி, தன் முழுக் கையெழுத்தைப் போட்டார். அதோடு நிற்கவில்லை. அன்றைக்குக் கிளம்பிய அத்தனை வண்டிகளின் நேரத்தையும், மணிக்கு அரை நிமிடம் கழித்து, ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினார். பத்தொன்பது வருடப் பதிவேட்டில் அடித்தல் உள்ள ஒரே பக்கம் அது. ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பழைய சிவப்புக்கு வரிசையில் நிற்க ஒருவரும் வரவில்லை. பார்த்தவரைக்கும் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

தலைமை அலுவலகம் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. பதில் இரண்டே வரி. ஒன்று, சிவப்பு ரத்து. இரண்டு, எல்லா டிப்போக்களிலும் ஸ்பீக்கரை மேசையிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டவும். நொடியக்காவுக்கு எச்சரிக்கை ஒன்றும் தனி உறையில் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. கணவரிடம் படித்துக் காட்டினார், அதில் இருந்த எழுத்துப்பிழை இரண்டையும் சேர்த்து.

அதற்குப் பிறகுதான் அவர் தொட்டிலிடம் அந்த வாட்சைக் கேட்டார். பதிலுக்குத் துணிச்சுருளையே டிப்போவுக்குக் கொண்டுவந்து, மதிய இடைவேளையில் விரித்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தொட்டில் நாற்பத்து மூன்றையும் பொறுமையாகப் பார்த்தார். மாப்பிள்ளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்ப வைத்தார். தினமும் சாவி கொடுக்க யாரால் முடியும், வீட்டில் ஏற்கெனவே மூன்று பேருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். கடைசியில் தெருமுனைக் கடையில் அதே ரகத்தில் புது வாட்ச் ஒன்றை நொடியக்கா வாங்கிக் கொடுத்தார். பழையது, வியர்வைக் கறை படிந்த சாம்பல் பட்டையோடு, வீட்டுக்கு வந்தது.

கருநீலத் துணி தீர்ந்துபோயிருந்தது. கணவர் கடையில் கிடைத்த கருஞ்சிவப்புத் துண்டில் பை ஒன்று தைத்து, சுருளின் ஓரத்தில் சேர்த்தார். வண்ணம் ஒட்டவில்லையே என்று அவர் கவலைப்பட்டபோது, ஒட்டவேண்டாம் என்று நொடியக்கா சொன்னார்.

அடுத்த மாதம் வாட்ச் ரிப்பேர்க்காரர் வீட்டுக்கு வந்தார். சுருளை விரித்தபோது அவர் கண் நேராகக் கடைசிப் பைக்குப் போனது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“என்னம்மா இது? பட்டுப்புடவை பீரோவுல சமையல்கட்டுத் துணிய மடிச்சு வச்ச மாதிரி.”

“பேட்டரி வாட்ச்தான்.”

“தெரியுது. எதுக்கு இங்க?”

நொடியக்கா அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மற்ற நாற்பத்து மூன்றையும் நான் ஓட வைத்தேன், இது என்னை நிறுத்தி வைத்த வாட்ச் என்றார். பெயர் என்ன என்று ரிப்பேர்க்காரர் கேட்டார். பெயர் வைக்கவில்லை, அதைக் கட்டியிருந்த ஆளுக்கே ஒரு நல்ல பெயர் இருக்கிறது, அது போதும் என்று சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். ஸ்பீக்கர் திரும்பியிருந்த இடத்தில் ரிப்பேர்க்காரர் தொடையைத் தட்டினார். கதை முடிந்தபோது வாட்சை அவரே பைக்குள் வைத்தார். பேட்டரி தீர்ந்தால் தன் கடைக்கே கொண்டுவரவேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போனார்.

தொட்டில் பயிற்சி டிரைவராக முதல் வண்டி எடுத்தது ஒரு புதன்கிழமை. பக்கத்தில் பழகுகிறவர்கள் இருவர்: ஒருவர் இருபது வருடம் லாரி ஓட்டியவர், இன்னொருவர் பள்ளி வேன் ஓட்டிய பெண்மணி. வண்டியை வாசலுக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு கூண்டு ஜன்னலுக்கு வந்தார். பிரேக்கைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் பதிவேட்டைக் காட்டினார்.

“இதுதான் நம்ம நேரம். அக்கா எழுதறதுதான். தப்பா இருக்குன்னு தோணிச்சுன்னா மனசுல வச்சுக்காதீங்க, இங்கயே சொல்லுங்க. இவங்க பாப்பாங்க.”

லாரிக்காரர் சற்றுத் தயக்கத்தோடு வணக்கம் சொன்னார். நொடியக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, இருவரும் எந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினார். பேனாவைத் திறந்தார், நீலம்தான். சுவரில் மாட்டிய புதுக் கடிகாரத்தை ஒருமுறை, தன் கையை ஒருமுறை பார்த்தார்.

“இன்னும் நாப்பது நொடி இருக்கு. ஏறி உக்காருங்க.”